சாயாத பக்கம்

இருபது காசை நிறுத்தி அளக்கிறேன்,
புளோக் 418-இன் கீழ், வண்டிகள் நிற்குமிடத்தில்,
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு.
போன மாதம் பள்ளத்தில் கொஞ்சம் முங்கியது காசு.
இன்று நிற்கவே மாட்டேன் என்கிறது.

பள்ளத்துக்குள் குறுக்கே ஒரு சின்ன மேடு உண்டு.
ரப்பர் அந்த மட்டத்துக்கு இறங்கிவிட்டால்
மாற்றியாக வேண்டும்.
இந்தப் பக்கம் குனிந்தால் இறங்கிவிட்டது.
அந்தப் பக்கம் குனிந்தால் ஒரு மயிரிழை பாக்கி.
நான் அந்தப் பக்கமே உட்கார்ந்திருக்கிறேன்.

மயிரிழைக்கும் கணக்கு இருக்கிறது.
நாளொன்றுக்கு நூற்றுப் பத்து கிலோமீட்டர்,
ஆர்டருக்கு நாலு வெள்ளி சொச்சம்,
டயருக்கு நூற்றிருபது,
நிறைமதியின் பல் கம்பிக்கு இந்த மாதத் தவணை.
இன்னும் மூன்று வாரம் ஓடும் என்கிறது கணக்கு.
கணக்கு மழையில் ஓட்டியதில்லை.

செவ்வாய்க்கிழமை, நியூ அப்பர் சாங்கி சாலையில்,
மஞ்சள் பெட்டிக் கோடுகளின் மேல்
பின்சக்கரம் என்னைக் கேட்காமல்
இடப்பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தது.
விழவில்லை.
பெட்டியிலிருந்த மீன்தலைக் கறிகூடச் சிந்தவில்லை.
யாரிடமும் சொல்லவுமில்லை.
அன்றிலிருந்து
ஒவ்வொரு கோட்டுக்கு முன்னாலும்
மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்,
எடை குறையும் என்பதுபோல.

பக்கவாட்டில் நாலு எண்கள்: 2321.
இருபத்தொன்றாம் ஆண்டு, இருபத்து மூன்றாம் வாரம்.
உணவங்காடி மேசைகளைச் சுற்றி
சிவப்பு வெள்ளை நாடா கட்டியிருந்த ஜூன்.
எனக்கு அப்போதுதான் வேலை போயிருந்தது.
எங்கோ ஓர் ஆலையில் இது
அச்சிலிருந்து சூடாக வெளியே விழுந்திருக்கிறது.
நான் வாங்கும்போதே மூன்று வயது.
தள்ளுபடி அதனால்தான்.

காக்கி புக்கிட்டில் ஹைருல் காசு வைத்துப் பார்க்கவில்லை.
உள்ளங்கையால் ஒருமுறை தடவினான்.
நடுவில் மேசைபோல் தட்டை.
பிறகு விளிம்பைத் தொட்டுக் காட்டினான்.
ஆலையில் முளைத்த ரப்பர் முடிகள்
ஒன்றுகூட உதிராமல்.
'அக்கா, நீங்கள் சாய்வதே இல்லையா?'
என்றான் மலாயில்.

தீவு விரைவுச்சாலை நேராகப் போகிறது, நானும் போகிறேன்.
சாயத் தெரியாமலில்லை, தம்பி.
பெட்டியில் எப்போதும் சூப் இருக்கும்.

கழற்றியதை மூலையில் எறிந்தான்.
மற்ற டயர்களின் மேல் விழுந்து, ஒருமுறை எழும்பி, படுத்தது.
நடுவில் வழுக்கை, ஓரத்தில் குழந்தை முடி.
பாதிக்குமேல் செலவாகாமலே போகிறது
என்று தோன்றியதை
நான் அங்கேயே விட்டுவிட்டேன்.
பல் மருத்துவருக்கு ஒரு செய்தி:
அடுத்த மாதம் வருகிறோம்.

ஹெல்மெட்டை மாட்டும்போது ஹைருல் சொன்னான்:
'முதல் நூறு கிலோமீட்டர் மெதுவாக.
புதுசும் வழுக்கும்.'

தெம்பனிஸ் பக்கம் வானம் கருத்துக்கொண்டிருந்தது.
கைப்பேசி அதிர்ந்தது.
பாசிர் ரிஸ்,
லக்சா இரண்டு,
குழம்பு அதிகம்.