இடையில் உள்ள காற்று

பகலில் நான் டிராம்களுக்கு வண்ணம் அடிக்கிறவள்.
ஒஸ்ட்ராவா பணிமனை, மூன்றாம் கொட்டகை.
பதினைந்து மீட்டர் நீளம்.
நின்றால் வழியும், விரைந்தால் சொரசொரக்கும்;
நாலு விரலால் விசையைப் பிடித்தபடி
நடந்துகொண்டே இருக்க வேண்டும்.

இப்போது என் சமையலறை மேசையில்
ஒரு சாணுக்கும் குறைவான டிராம்.
எண்பத்தேழில் ஒரு பங்கு.
நாற்பத்தாறாம் பிறந்தநாளுக்கு
எனக்கு நானே வாங்கிக்கொண்டது.

ரயில் பாலத்தடியில் ரதோவன் கடை.
நகை காட்டுகிறவர் போல
கறுப்புத் துணி விரித்து மூன்று ஏர்பிரஷ்களை வைத்தார்.

"இதற்கு மூக்கு புள்ளி இரண்டு மில்லிமீட்டர்.
எறும்புக்கு மீசை வரையலாம்,
தூசி ஒன்று விழுந்தால் அன்றைக்குக் கடையடைப்பு.
இது புள்ளி ஐந்து.
பீரங்கி வண்டிக்காரர்கள் வாங்குவார்கள்,
பொறுமை இல்லாதவர்களும்.
நடுவில் இருப்பது புள்ளி மூன்று.
கிண்ணம் மேலே, வண்ணம் தானாக இறங்கும்.
அழுத்தினால் காற்று. பின்னால் இழுத்தால் வண்ணம்.
இரண்டையும் ஒரே விரல் செய்ய வேண்டும்."

நீலம் கலந்த தண்ணீரும் பழுப்புத் தாளும் தந்தார்.
ஒரு விரல்தானே என்று இழுத்தேன்.
தாளில் ஒரு குட்டை,
குட்டையிலிருந்து எட்டுத் திசைக்கும் கால்கள்.
ரதோவன் சிரிக்கவில்லை.
"சுவர்களுக்கு அடிப்பீர்களா?"
"டிராம்களுக்கு."
ஜன்னலைப் பார்த்தார். எட்டாம் எண் போய்க்கொண்டிருந்தது.
"அதோ, அதற்கா?"
"அது ஏப்ரலில் அடித்தது.
கடைசிக் கதவுக்கு மேல் ஒரு வழிசல் இருக்கும்.
என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.
இப்போது உங்களுக்கும்."

மூன்று சனிக்கிழமை போனேன்.
தாள் தாளாகச் சிலந்திகள்.
நான்காவதில் ஒரு கோடு வந்தது,
கோணல்தான், ஆனாலும் கோடு.
அதை வரைந்தது புள்ளி மூன்று.
அதன் வில் கொஞ்சம் முரடு;
என் விரலும் அப்படித்தான்.
அதையே எடுத்துக்கொண்டேன்.

காற்றுக்குக் காசு மிஞ்சவில்லை.
கம்ப்ரசர் விலையைக் கேட்டுவிட்டு
பழைய ஸ்கோடாவின் உபரிச் சக்கரத்தைக்
கழற்றி மாடிக்கு உருட்டினேன்.
பெட்ரோல் நிலையத்தில் நிரப்பிய காற்று
அடுப்புக்கும் குளிர்பெட்டிக்கும் நடுவே
சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது.
பக்கத்து வீட்டு போக்டானா இரவுப்பணி பார்க்கிறவள்,
பகலில் தூங்குவாள்; அவளுக்கும் நல்லது.

வண்ணம் மட்டும் நான் விலைக்கு வாங்கவில்லை.
மருந்துக்குப்பியில் எடுத்து வந்தது
பணிமனையின் அதே நீலம், அதே டப்பா.
மெல்லிதாக மூன்று பூச்சு.
உலர்ந்ததும் பார்க்கிறேன்,
மைக்கூட்டில் விழுந்து எழுந்தாற்போல
இருட்டாக ஒரு டிராம்.

ரதோவனைக் கூப்பிட்டேன்.
"உங்கள் ஏர்பிரஷ் என் நீலத்தைக் கெடுத்துவிட்டது."
"எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கிறீர்கள்?"
"ஒரு முழம்."
"எண்பத்தேழால் பெருக்குங்கள்.
தெருவுக்கு அந்தப் பக்கம், நாற்பது மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள்.
நடுவே நாற்பது மீட்டர் காற்று இருந்திருக்க வேண்டுமே,
அதை எங்கே வைத்தீர்கள்?"

இருபது வருடமாக
கைக்கெட்டும் தூரத்தில் மட்டுமே
டிராம் பார்த்தவள் நான்.

மறுநாள் பணி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல்
நிறுத்தத்துக்கு எதிர்ச்சாரியில் நின்றேன்.
புகையும் மழைத்தூறலும் தாண்டி வந்தது என் நீலம்,
யாரோ அதில் பால் ஊற்றியது போல.

கிண்ணத்தில் ஒரு துளி வெள்ளை.
இன்னொன்று.
மூன்றாவதில் மேசைமேல் டிராம்
மெல்லத் தள்ளிப்போய்த்
தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றது.
சக்கரத்தில் காற்று தீர்ந்திருந்தது.

ஒன்றுதான் பாக்கி.
கடைசிக் கதவுக்கு மேலே
அந்த வழிசலையும் வைக்க ஆசை.
அதற்குப் புள்ளி இரண்டு வேண்டும்.
நான் வாங்கியதோ
புள்ளி மூன்று.