மூன்று நிமிட ஈரம்

மல்லாவி வெயிலில்
ஒரு பொருளை ஈரமாய் வைத்திருப்பதே பெரும்பாடு.
துடைதாள் டப்பாவில் எழுதியிருக்கிறது:
மூன்று நிமிடம் ஈரம் நிற்கவேண்டும்.
முன்னமே காய்ந்தால் துடைக்காததற்குச் சமன்.
மின்விசிறியை நிற்பாட்டினேன்.
கவச உடுப்புக்குள் என் முதுகுதான்
முதலில் நனைந்தது.

இருப்பது ஒரே ஸ்கான் மெஷின்.
அதன் கூடை, உறை, பெரிய ஜெல் போத்தல்
எல்லாம் கழற்றி வாசலில் வைத்தாயிற்று.
ஆளுக்கொரு ஜெல் பொட்டலம்.
புரோப்புக்குக் கையுறை.
விசைப்பலகைக்கு, சாப்பாடு சுற்றும் பொலித்தீன்.
உள்ளே போவது குறைந்தால்
வெளியே வருவதும் குறையும்:
டொக்டர் இனோகாவின் கணக்கு.

பூலோகசிங்கத்தாரின் நெஞ்சில் புரோப் நகர,
திரையில் வெள்ளைக் கோடுகள்,
கிணற்றுக்குள் விட்ட கயிறுகள்போல.
அதுதான் நோய் என்று எனக்கும் இப்போது தெரியும்.
வலது விலாவுக்குள் இன்னொன்று மின்னியது,
தனியாக, கூராக,
கோட்டுக்குக் கீழ் கோடாய் வால்விட்டபடி.
டொக்டரின் கை நின்றது.
இங்கே வந்து பழகிய தமிழில் கேட்டார்:
"ஐயா, இது என்ன?"
முகமூடியைத் தூக்கவேண்டாமென்று நான் சொல்லமுன்
தூக்கிவிட்டார்.
"அது பழசு, பிள்ளை. பன்னிரண்டு வருசம்.
தொத்தாது."
பிறகு ஒட்சிசன் போத்தலில்
தண்ணீர் குமிழிடும் சத்தம் மட்டும்.

கையுறையை உட்புறம் புரட்டிக் கழற்றினேன்.
முதலில் ஜெல். அது மிஞ்சினால் மருந்து படாது.
பிறகு தலை, கழுத்து, வயர் முழு நீளமும்.
ஸ்பிரிட் ஆகாது.
போன மாதம் யாரோ போட்டுத் துடைத்ததில்
படத்தின் ஓரத்தில் ஒரு கறுப்புப் பட்டி.
அதற்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று
இனி ஒருவருக்கும் தெரியாது.

துடைக்கத் துணியும் இல்லாத வைத்தியசாலையிலும்
நான் வேலை செய்திருக்கிறேன்.
அது இப்போது வேண்டாம்.

நூற்றைம்பது வரை எண்ணியிருப்பேன்.
வயர் வழுகி நிலத்தில் பட்டது.
"தர்மவதியக்கா, முடியேல்லையோ?
நிறோஜினிக்கு இருமல் கூடுது.
ஏழாம் மாசம், டொக்டர் அவசரப்படுறா."
"விழுந்திட்டுது. முதலிலயிருந்து."
கதவுக்கு அப்பால் ஒரு பெருமூச்சு.
புதுத் தாள், புதுக் கையுறை.
ஒன்று, இரண்டு, மூன்று...
அவசரத்துக்கு எண்ணிக்கை குறையாது.
பாதியில் காயப் பார்த்தது,
இன்னொரு தாள் இழுத்தேன்.

நிறோஜினி படுத்தாள்.
புதுப் பொட்டலம் பிரித்து
வயிற்றில் ஜெல் வைத்ததும் துள்ளினாள்:
"ஐயோ, குளிருது!"

அன்றைக்கு மல்லாவி முழுக்க
அப்படிச் சொன்ன ஒரே ஆள்.