குப்பைக்கு வரி இல்லை

நவம்பர் இரண்டு, காலை ஏழு பத்து.
பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தை.
குளிர்கிடங்கின் கதவைத் திறந்தால்
நாற்பத்து மூன்று மஞ்சள் பூசணிகள்
விமானம் ரத்தான பயணிகள் போல
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகிடக்கின்றன.

நேற்று முன்தினம் வரை இவற்றுக்கு விலை இருந்தது.
பதினான்கு வெள்ளி தொண்ணூறு, வரியோடு.
ஆர்ச்சர்டு ஹோட்டல்காரர்கள் வாங்கிப்போய்
கண் தோண்டி, பல் வெட்டி, வயிற்றில் விளக்கு வைத்தார்கள்.

தின்றால் ஒன்பது விழுக்காடு.
முகம் வெட்டினாலும் ஒன்பது விழுக்காடு.
இந்த ஊரில் சாம்பாருக்கும் பேய்க்கும் வரி ஒன்றுதான்.
அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது.

போன மாதம் ஆயுதபூசைக்கு வந்த வெண்பூசணிகள்
தேக்காவில் ஒன்றுகூட நிற்கவில்லை.
உடைபடப் பிறந்தவை, உடைந்தன.
இவைதான் சிரிக்கக் காத்திருந்து
நாள் தவறிப்போனவை.

முதலாளி சுல்தான் கனி போனில் சொன்னார்:
"தூக்கிப் போட்ரு உமையா. இடம் வேணும்.
பத்தரைக்கு வெங்காயம் வருது."

நான் கணக்குப் பார்ப்பவள்.
எறிவதற்கு முன் எழுத வேண்டும்.
எழுதுவதற்கு முன் விதியைப் படிக்க வேண்டும்.

கெட்டது என்று எறிந்தால் வரி இல்லை.
சும்மா கொடுத்தால்,
ஒரே கைக்கு இருநூறு வெள்ளிக்கு மேல் போனால்,
விற்றதற்குச் சமம், கட்டு.

இரண்டு முறை படித்தேன்.
குப்பைத்தொட்டியை யாரும் விசாரிப்பதில்லை.
கொடுக்கிற கையைத்தான் பிடித்துப் பார்க்கிறார்கள்.

விதியைத் திட்டவில்லை. அது என்ன செய்யும், பாவம்.
அன்பளிப்பு என்று எழுதிவிட்டு
பின்வாசலில் விற்றவர்களைப் பார்த்துப் பார்த்து
அப்படி ஆகியிருக்கும்.

கொள்முதல், ஒன்று ஒன்பது வெள்ளி இருபது காசு.
இருநூறை அதனால் வகுத்தேன்.
இருபத்தொன்று. கொஞ்சம் மிச்சம்.

முதல் இருபத்தொன்று
தோ பாயோவில் முதியவர்களுக்குச் சமைக்கும் கூடத்துக்கு.
அடுத்த இருபத்தொன்று
துவாஸில் ஊழியர் விடுதிக்கு.
ஆ செங் லாரியை ஓரங்கட்டினான்.
கோப்பி ஓ இரண்டு, என் காசு, ரசீது இல்லை.

விடுதிச் சமையலறையிலிருந்து ரஃபிகுல் கேட்டான்:
"அக்கா, கறிக்கு ஆகுமா இது?"
ஆகும். ஆனால்
இனிப்பை எதிர்பார்க்காதே.
இது முகத்துக்காக வளர்த்தது.
மிளகாயைக் கூடப் போடு.

மிஞ்சியது ஒன்று.
ஒரு பக்கம் கசிந்து, விரல் வைத்தால் உள்ளே போயிற்று.
முழுப் பூசணியைச் சோற்றில் மறைக்க முடியாதாம்.
பேரேட்டில் முடியும்.
இருபத்தாறு வருடமாக மறைத்திருக்கிறேன்:
'கழிவு' என்று ஒரு சொல்,
அதற்கடியில் லாரி லாரியாகக் கீரை,
ஒருமுறை ஒரு கண்டெய்னர் மாங்காய்.

இன்று எழுதினேன்: கழிவு, ஒன்று.
எழுத்து எனக்கே புதிதாய்த் தெரிந்தது.

அதுவும் துவாஸுக்குத்தான் போகும்,
விடுதிக்கு அல்ல, உலைக்கு.
பிறகு சாம்பலாகிப் படகேறி
செமாக்காவ் தீவில் ஒரு கைப்பிடி நிலமாகும்.
அங்கே விலை எவ்வளவு என்று
இன்னும் யாரும் கேட்கவில்லை.

பத்து இருபதுக்கு மறுபடி போன்.
"எறிஞ்சாச்சா?"
"இடம் காலி" என்றேன்.
பொய் இல்லை.
வாசலில் வெங்காயம்
பின்னோக்கி வந்துகொண்டிருந்தது, பீப் பீப் என்று.