ஏற்றம்: பதினொரு மீட்டர்

இருபத்தோரு கியர் என்றான் விற்றவன்.
கொடைக்கானலில் ஓடின வண்டியாம்.
காசிமேட்டுக்கு எதற்கு இருபத்தொன்று என்று
யாரும் கேட்கவில்லை. நானும்.

ஞாயிறு, நாலரை மணி.
ஐஸ் உடைபடும் சத்தத்தைத் தாண்டி
தில்ஷாத் முன்னால், நான் பின்னால்.
கஜபதி இன்னும் வரவில்லை.
"வந்துனே கீறேன்" என்று போனில் சொல்கிறான்,
அவன் வீட்டு மிக்சி பின்னால் ஓடுகிறது.

எண்ணூர் விரைவுச் சாலை.
வலப்பக்கம் கடல் இருப்பதற்குக்
கறுப்புப் பாறைகள்தான் சாட்சி.
இடப்பக்கம் கன்டெய்னர் லாரிகள் வரிசையாகத் தூங்குகின்றன.
டயரோரம் பல் விளக்கும் ஒரு டிரைவர்
எங்கள் ஹெல்மெட்டுகளைப் பார்த்துச் சிரித்து
நுரை வழியக் கையசைக்கிறான்.

திருவொற்றியூர் தாண்டியதும் வெளுக்கிறது.
இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு நொடி,
அடுத்த இடைவெளியில் இன்னொரு நொடி.
சூரியன் தவணையில் வருகிறது.
நிறுத்திப் பார்த்தால் அவ்வளவு இல்லை,
மிதித்துக்கொண்டே பார்க்க வேண்டும்.

எர்ணாவூர் பாலத்தில்
முதல்முறையாகக் கியர் மாற்றினேன்.
கடகடவென்று ஏதோ பிடித்தது, விட்டது, பிடித்தது.
உச்சியில் நின்று மூச்சு வாங்கினோம்,
கீழே தண்டவாளம்,
எதிரே புகைபோக்கிகள்,
இன்னதென்று சொல்லமுடியாத ஒரு வாடை.
"இதாம்மே நம்ம ஊட்டி" என்றது ஒரு குரல்.
கஜபதி எப்போது வந்து சேர்ந்தான்?

நெட்டுக்குப்பத்தில் தார் முடிந்துபோகிறது.
அப்புறம் மணல், சிப்பி,
வலைக்குவியல்களுக்கு நடுவே ஒற்றைச் சக்கரத் தடம்.
தில்ஷாத் இங்கேதான் வேறு ஆள்.
வாரம் ஆறு நாள் கப்பல் கம்பெனியில்
சரக்கு ரசீது அடிக்கிறவள்,
சீட்டைவிட்டு எழுந்து நின்று
இடுப்பால் ஓட்டுகிறாள்.
நெஞ்சுயரத்துக்கு ஒரு சாம்பல் மேடு.
ஏறினாள். அரை நொடி வானத்தில் இருந்தாள். இறங்கினாள்.
பின்னாலேயே ஒரு சாம்பல் துப்பட்டா.
நான் பாதியில் இறங்கித் தள்ளினேன்.
கஜபதி சுற்றிக்கொண்டு வந்தான்.

பிறகு, உஸ்.
என் முன்சக்கரத்தில் கெளுத்தி முள்,
அரை விரல் நீளம், ஊசியைவிட ஒழுங்கு.

கழிமுகத்தோரம் உட்கார்ந்து
ட்யூபைக் கொசஸ்தலை ஆற்றில் முக்கி
கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினான் கஜபதி.
குமிழி வந்தது.
அதோ, என்றேன்.
ட்யூபை வெளியே எடுத்தான்.
குமிழி நிற்கவில்லை.
சேற்றுக்கடியில் நண்டோ, இறாலோ, ஆறேதானோ
மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.
மறுபடி முக்கினோம்.
எது நம்ம காத்து, எது ஆத்து காத்து?
மூன்று தலைகளும் தண்ணீர்மேல் கவிழ்ந்து
ஒரு பரீட்சைத்தாளைப் படிப்பதுபோல் பார்த்தோம்.

கழுத்தளவு நீரில்
பறியைப் பல்லில் கடித்தபடி
கையால் இறால் தடவிக்கொண்டிருந்த பெண்
எவ்வளவு நேரம் எங்களைப் பார்த்தாளோ.
வாயைத் திறந்தால் பறி போகும்.
புருவத்தைத் தூக்கி
இதில்லை, அடுத்ததில்லை,
அது
என்று காட்டினாள்.
விரல் வைத்தான். நின்றது.

பட்டி ஒட்டி முடிக்கையில்
மூன்று பேருக்கும் மணிக்கட்டு வரை சாம்பல் கையுறை.
தில்ஷாத் நூறு ரூபாய்க்கு இறாலை
ஹெல்மெட்டில் வாங்கிக்கொண்டாள்.
பழவேற்காடு போய்ப் பூநாரை பார்ப்பதாகத்தான் கிளம்பினோம்.
யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.
வண்டிகள் தாமாகவே தெற்கே திரும்பின.
ஹேண்டிலில் தொங்கிய ஹெல்மெட்டுக்குள்
தண்டையார்ப்பேட்டை வரை ஏதோ துள்ளிக்கொண்டிருந்தது.

ராத்திரி போன் கணக்குச் சொன்னது.
தூரம் இருபத்தொன்பது கிலோமீட்டர்.
ஏற்றம் பதினொரு மீட்டர்.
பாலம், போகையில் ஐந்து, வருகையில் ஐந்து.
மிச்சம் ஒன்று
அந்தச் சாம்பல் மேடு.
தள்ளிக்கொண்டு போனதையும்
சேர்த்திருக்கிறது.