மூன்று மில்லிமீட்டர்

செவ்வாய்ப்பேட்டை அச்சகத்தின் மாடியில்
எனக்கு ஒரு மேசை, ஒரு மைப்புட்டி,
நாலாம் பக்கத்தில்
பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் இடம்.

வாங்கிய ஓட்டுக்கு ஏற்ற நாற்காலி என்று
நகர மன்றத்துக்கு விகிதாச்சாரத் தேர்தல் வந்த வருடம்
ஏழு கட்சி சேர்ந்து ஆட்சி அமைத்தார்கள்.
நான் ஒரு தட்டுவடை செட் வரைந்தேன்.

மேல் தட்டை இருபத்திரண்டு சதவீதம்,
கீழ்த் தட்டை பத்தொன்பது.
நடுவே பீட்ரூட், கேரட், வெங்காயம், மாங்காய்
நாலு பேரும் சேர்ந்து எட்டு.
கூட்டிப் பாருங்கள், நாற்பத்தொன்பதுதான் வரும்.
மேலே ஒரு சொட்டுப் பச்சைச் சட்னி:
மூன்று சதவீத மாதையன்.

மறுநாள் ஒன்பது மணிக்கே போன்.
கிண்டல் செய்ததற்கு இல்லை.
பீட்ரூட் தன்னைவிடத் தடிமனாம்,
நூற்றுப் பதினெட்டு ஓட்டு கூட வாங்கியது தானாம்,
கேரட்டுக்கு வருத்தம்.
கீழ்த் தட்டைக்கு, கீழே இருக்கிற வருத்தம்.

ஸ்கேல் வாங்கினேன்.
சதவீதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் முகம்.
ஏற்காடு பஸ் வரைந்த அன்று
ஏழு அளவில் ஏழு ஸ்டீயரிங்,
இருபது கொண்டை ஊசி வளைவுக்கும்
எந்தப் பக்கம் திருப்புவதென்று தனித்தனித் துணைக்குழு.
மூன்று மில்லிமீட்டரில் மூக்கு வைக்க முடியவில்லை.
புள்ளி வைத்தேன். அதுதான் மாதையன்.

அவரே மாடியேறி வந்தார்,
மஞ்சள் பையில் நாலு இமாம்பசந்த்.
மூச்சு வாங்கியபடி படத்தைப் பார்த்தார்.
"புள்ளியாவே இருக்கட்டும்மா.
பிரேக் மேல வை."
பழத்தைச் சாப்பிடவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

என்மேல் கேஸ் போடவும் கூடினார்கள்,
அஸ்தம்பட்டியில் ஒரு ஹாலில்.
மனுவில் யார் பெயர் முதலில் என்பதிலேயே
ராத்திரி பதினொன்றாகி
ஆளுக்கொரு ஆட்டோவில் கலைந்தார்கள்.

சிரித்துக்கொண்டே பழைய கட்டைப் பிரித்தேன்.
எல்லா வார்டும் ஒரே கட்சிக்கு என்றிருந்த காலம்.
கட்டம் முழுக்க ஒரே முகம்,
காது கோட்டுக்கு வெளியே போகும்.
வரைய எவ்வளவு சுலபம்!
அப்போது போன் ஒரே ஒரு தடவைதான் அடித்தது,
ஆசிரியர் அறையில்.
அதற்கப்புறம் பதினாறு இதழ்
பத்துக்குப் பத்து இடத்தில்
கொலுசுக் கடை விளம்பரம்.

மாதையன் ஆதரவை வாபஸ் வாங்குவாரென்று
சாயங்காலம் செய்தி.
மேசையில் இன்னும் பழ வாசனை.
நிப்பைத் துடைத்து
ஒரு புள்ளி வைக்கிறேன்,
பஸ்ஸுக்கு வெளியே, படிக்குப் பக்கத்தில்.
ஏறுகிறாரா இறங்குகிறாரா என்று
நாளைக்கு ஏழு பேரும் போன் பண்ணுவார்கள்,
மாதையன் உட்பட.