பன்னிரண்டில் மூன்று

ஜிந்துப்பிட்டியில் கடைகள் ஷட்டர் இறக்கும் நேரம்
நெப்ராஸ்காவில் திருமதி லொரீன் டாக்கெட்
காலைக் கோப்பியோடு எனக்கு எழுதுகிறாள்:
என் பூட்டன் ஏசா பிரம்லி.
அந்தப் புல்வெளியில் முதல் கொழு இறக்கியவன்.
அவனுக்கு முந்தியவர்களைத் தேடித் தா.
தலைமுறைக்குப் பன்னிரண்டு டொலர்.
கம்பனிக்கு எட்டு, எனக்கு நாலு.

மாடியில் ஐந்து பேர், ஐந்து திரை, ஒரு ஃபேன்.
கீழே வெங்காய லொறி சுவரை உலுக்கிப் போகையில்
ஆயிரத்து எண்ணூற்று எழுபதாம் வருஷத்துக் குடிக்கணக்கு
என் கண்முன் நடுங்கும்.

ஆறு மாதமாக ஒஹாயோவின் ஒரே கவுண்டி.
அந்தக் கணக்கெடுப்பாளனின் கையெழுத்து எனக்கு
படியேறி வரும் சொந்தக்காரனின் காலடி மாதிரி.
'எஸ்' எழுத்தைத் தூண்டில் முள்ளாக வளைப்பான்.
மத்தியானத்துக்குப் பிறகு அவசரம்,
எல்லாப் பெண்களுக்கும் 'வீடு பார்க்கிறாள்'.
ஒரு வயது நிரம்பாத பிள்ளைகளைப் பின்னமாக எழுதுவான்:
பன்னிரண்டில் ஏழு. பன்னிரண்டில் இரண்டு.
முழு எண் ஆகாமலே போனவர்கள்
அதில் அநேகம்.

ஏசாவின் நிலப்பத்திரம் சுலபமாகக் கிடைத்தது.
புல்கட்டி அறுத்துக் கட்டிய வீடு, பதினாலுக்குப் பதினாறு அடி.
கதவு ஒன்று. ஜன்னல் ஒன்று. கிணறு ஒன்று.
வெட்டுக்கிளி வந்த வருஷம் விளைச்சல் இல்லை.
ஐந்து வருஷம் இங்கேதான் இருந்தான் என்று
அயல்காரர் இரண்டு பேர் சத்தியம் செய்ய
நூற்றறுபது ஏக்கர் அவன் பெயருக்கு.
அதற்கு முன் அங்கே யார் இருந்தார்கள் என்ற கேள்வி
நான் புரட்டிய தாள் ஒன்றிலும் இல்லை.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

எங்கள் வீட்டிலும் ஒரு படிவம் இருக்கிறது,
மலிபன் பிஸ்கட் டின்னுக்குள், ரப்பர் பட்டி போட்டு.
அப்பாவின் தகப்பன் வைரவன்,
துறைமுகத்தில் கப்பலுக்குக் கரி சுமந்தவர்,
பிரஜாவுரிமை கேட்டு எழுதிப் போட்டது.
ஏழு வருஷம் இருந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள்.
இருந்ததோ இருபத்தாறு.
சாட்சிக்குப் போன இரண்டு பேரில் ஒருவர்
தானே எதிலும் பதியப்படாதவர்.
'திருப்தியில்லை.' ஊதா மை.
தாள் மக்கிவிட்டது, முத்திரை இன்னும் மங்கவில்லை.

சரி, ஏசா.
நில அலுவலகத்தில் பிறந்த ஊர் சொல்லியிருந்தான்.
தேடினால், என் ஒஹாயோ. என் கவுண்டி.
மார்ச் மாதம் நானே தட்டிய பக்கம்:
ஏசா பிரம்லி, தச்சன். தீர்சா, வீடு பார்க்கிறாள்.
ஒரு பிள்ளை, பன்னிரண்டில் மூன்று.
பெயருக்கு மேல் மை சிந்தியிருந்தது.
'வாசிக்க முடியவில்லை' என்று போட்டு
அடுத்த வரிக்குப் போயிருக்கிறேன்.
அன்றைக்குச் சம்பள நாள்.

பத்து வருஷம் தள்ளி அடுத்த கணக்கு.
ஏசா நெப்ராஸ்காவில், வேறு மனைவி, நாலு பிள்ளைகள்.
தீர்சா அதே ஒஹாயோவில், துணி வெளுக்கிறவள்.
'விதவை' என்று எழுதச் சொல்லியிருக்கிறாள்.
கூட யாருமில்லை.

ஃபர்ஹான் என் தோளுக்கு மேலால் வாசித்தான்:
"இத விட்டுடுங்க அக்கா.
அந்தப் பொம்பள யாராவது பிரபு வருவான்னு
பாத்துட்டு இருக்கு. ஸ்டார் கொறயும்."

தீர்சா யாருக்கும் மூதாதை இல்லை.
அவளுக்கு டொலரும் இல்லை.
எழுதினேன். தச்சன், தீர்சா, பின்னம்,
விதவை என்ற பொய், எல்லாம்.

மூன்று நாள் நெப்ராஸ்கா வாய் திறக்கவில்லை.
நாலாம் இரவு ஒரு வரி வந்தது:
அந்தப் பிள்ளையின் பெயர் என்ன?

பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறேன்.
நானூறு மடங்கு பெருக்கினால்
மைக்கறைக்கு ஓரம் இருக்கிறது, உள்ளே மேடு பள்ளம் இருக்கிறது.
லொறி போகட்டும், சுவர் அடங்கட்டும்.
முதலெழுத்து ஒரு தூண்டில் முள்.
அதற்குப் பிறகு, 'யூ'வா, இரண்டு 'ஐ'யா?