டிசம்பர் பதினெட்டு, திங்கட்கிழமை

சனிக்கிழமை அறிவித்தார்கள்,
ஞாயிறு நள்ளிரவோடு மானியம் நிறுத்தம் என்று.
ஞாயிற்றுக்கிழமை எங்கள் பிளாவன் நகரில்
ரொட்டிக்கடையே அரைநாள்தான்.
வாகனப் பதிவு அலுவலக வாசலில்
பனி மட்டும் வரிசையில் நின்றது.

திங்கள் காலை எட்டு மணி.
ஷோரூமில் காபி இயந்திரத்துக்கு முன்பே
என் தொலைபேசி சூடாகிவிட்டது.
பதினான்கு பெயர்கள்.
கையெழுத்து வாங்கும்போது
பதினான்கு பேரிடமும் நான் சொன்னது ஒன்றுதான்:
"நாலாயிரத்து ஐந்நூறு யூரோ அரசு தரும்."

கார் பதிவானால்தான் விண்ணப்பிக்க முடியும்.
காரோ
இன்னும் கப்பலில் வந்துகொண்டிருக்கிறது.
அது எந்தக் கடலில் என்று
எனக்கும் தெரியாது.

ஒன்பதாவது பெயர் அன்னெக்ரெட் சைடல்.
வீடுவீடாகப் போய் இன்சுலின் போடுகிறவர்,
நாளுக்குத் தொண்ணூறு கிலோமீட்டர்.
மற்றவர்கள் கத்தினார்கள். இவர் கணக்குப் போட்டார்.
"நீல நிறத்துக்கு எழுநூறு அதிகம் கேட்டீர்களே,
அதை எடுத்துவிடலாமா?"
நடுக்கடலில் இருக்கும் காரின் நிறத்தை
யார் போய்ச் சுரண்டுவது?

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்:
"அந்த நாலாயிரத்து ஐந்நூறு
யாருடைய பணம், ஃபோல்க்மார்?
அரசுடையதா, என்னுடையதா, உங்களுடையதா?"
காபி ஆறிப்போனது என்றேன்.
ஏன் அதைச் சொன்னேன் என்று இன்றுவரை புரியவில்லை.

ஜனவரியில் ஒப்பந்தத்தை ரத்து செய்தார்.
மைத்துனரின் டீசல் காரை,
பதினோரு வயதானதை,
தவணையில் வாங்கிக்கொண்டார்.

பிப்ரவரியில் தலைமையகத்திலிருந்து
புது விலைப்பட்டியல் வந்தது.
அதே கார். அதே பேட்டரி.
நாலாயிரத்து ஐந்நூறு குறைவு.
'குளிர்காலச் சலுகை' என்று பெயர் வைத்திருந்தார்கள்.
இரண்டு முறை படித்தேன்.
அரசு கொடுத்தவரை
விலைக்குள் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்த தொகை
அரசு எழுந்ததும்
தானும் எழுந்து போயிருக்கிறது.

நீலக் கார் ஒரு பல் மருத்துவருக்குப் போயிற்று.
கண்ணாடிச் சுவரில் ஒட்டியிருந்த
'அரசு மானியத்துடன்' ஸ்டிக்கரை
பிளேடால் உரித்தேன்.
பசை போகவில்லை.
அதன்மேல் தூசி படிந்து
இன்னும் எழுத்துக் கூட்டிப் படிக்கலாம்.

மார்ச்சில் அன்னெக்ரெட் வந்தார்,
டீசலுக்கு ஒரு காற்று வடிகட்டி வாங்க.
புது விலைப் பலகை முன் நின்றார்.
உதடுகள் மட்டும் அசைந்தன, கழித்தலுக்கு.
நான் ரசீதுப் புத்தகத்தைத் தேடுவதாகக்
குனிந்துகொண்டேன்.

முப்பத்தெட்டு யூரோ எண்ணி வைத்துவிட்டு,
வாசல்வரை போனவர் திரும்பிக் கேட்டார்:
"இது நாளைக்கும் இதே விலைதானே?"